1994-க்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் அறியவேண்டியது: சத்தமில்லாமல் ஈரலைத் தின்னும் ஹெப்பாடைட்டிஸ் சி

பிரசவத்தில் இரத்தப்போக்கு, மோட்டார் சைக்கிள் விபத்து, குடல் புண், கர்ப்பப்பை அறுவை சிகிச்சை. ஏதோ ஒரு காரணத்திற்காக 30, 40 ஆண்டுகளுக்கு முன்பு பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் நம் குடும்பங்களில் நிறையவே உண்டு. அந்த இரத்தம் அன்று அவர்களின் உயிரைக் காப்பாற்றியது. ஆனால் அவர்களில் சிலருக்கு அதே இரத்தத்தோடு ஒரு கிருமியும் உடலுக்குள் சென்றது. அன்றைக்கு அதைக் கண்டுபிடிக்கும் சோதனை இங்கே நடைமுறையில் இல்லை. இன்று சோதனையும் உண்டு, குணப்படுத்தும் மாத்திரையும் உண்டு. தமக்கு அந்தக் கிருமி இருப்பதே பலருக்குத் தெரியாது என்பதுதான் இப்போதைய சிக்கல்.

அந்தக் கிருமியின் பெயர் ஹெப்பாடைட்டிஸ் சி. மலேசியாவில் தானமாகப் பெறப்படும் இரத்தம் முழுவதையும் இந்தக் கிருமிக்காகச் சோதிக்கும் நடைமுறை 1994-ஆம் ஆண்டில் வந்தது. ஆகவே, 1994-க்கு முன்பு இரத்தம், இரத்தத்திலிருந்து தயாரித்த மருந்து அல்லது மாற்று உறுப்பு பெற்ற எவரும் ஒருமுறை சோதித்துக்கொள்வது அவசியம்.

ஹெப்பாடைட்டிஸ் சி என்றால் என்ன?

ஹெப்பாடைட்டிஸ் என்பது ஈரல் அழற்சி. அதை உண்டாக்கும் கிருமிகளுக்கு ஏ, பி, சி, டி, இ என்று பெயரிட்டுள்ளனர். ஏ, இ இரண்டும் பெரும்பாலும் அசுத்தமான உணவு, தண்ணீர் வழியாகப் பரவுபவை. சி கிருமி பரவுவது இரத்தத்தின் வழியாக. பி கிருமிக்குத் தடுப்பூசி இருக்கிறது. சி கிருமிக்கு இதுவரை தடுப்பூசி இல்லை.

இது உடலுக்குள் வந்தவுடன் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. சிலருக்கு மட்டும் களைப்பு, பசியின்மை, கண் மஞ்சளாதல் ஏற்படலாம். தொற்றியவர்களில் 15 முதல் 45 விழுக்காட்டினரின் உடல் 6 மாதத்திற்குள் கிருமியைத் தானாகவே வெளியேற்றிவிடும். மற்றவர்களின் ஈரலில் அது நிலையாகத் தங்கிவிடுகிறது. அப்படித் தங்கியவர்களில் 15 முதல் 30 விழுக்காட்டினருக்கு 20 ஆண்டுகளுக்குள் ஈரல் தழும்பேறிச் சுருங்கும் நிலை ஏற்படக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இந்த நிலையை மருத்துவர்கள் சிர்ரோசிஸ் என்பார்கள். அதன் பிறகு வயிற்றில் நீர் கோத்தல், இரத்த வாந்தி, ஈரல் புற்றுநோய் என்று பிரச்சினைகள் தொடரலாம்.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இக்கிருமியோடு வாழ்கிறார்கள். 2022-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 242,000 பேர் இதனால் இறந்ததாக அதே நிறுவனம் தெரிவிக்கிறது. மலேசியாவைப் பொறுத்தவரை, 2009-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்துச் செய்த ஆய்வு மதிப்பீடு ஒன்று, 15 முதல் 64 வயதினரில் சுமார் 2.5 விழுக்காட்டினருக்கு, அதாவது 450,000-க்கும் அதிகமானோருக்கு இத்தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்றது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஊசிவழிப் போதைப்பழக்கத்தால் தொற்று வந்தது. இரத்தம் ஏற்றியதால் தொற்று வந்தவர்கள் மீதமுள்ளோரில் அடங்குவர்.

பெயரே இல்லாதிருந்த நோய்

இரத்தம் ஏற்றியவர்களுக்குப் பிறகு மஞ்சள் காமாலை வருவதை மருத்துவர்கள் நெடுநாளாகவே கவனித்து வந்தார்கள். அமெரிக்காவில் 1960-களில் இருதய அறுவை சிகிச்சைக்காக அதிக அளவில் இரத்தம் பெற்ற நோயாளிகளில், 10 பேரில் ஏறத்தாழ 3 பேருக்கு ஈரல் அழற்சி ஏற்பட்டது. காசு வாங்கிக்கொண்டு இரத்தம் கொடுப்போரை நிறுத்திவிட்டு, பி கிருமிக்கான சோதனையையும் கொண்டுவந்த பிறகு அது 10 பேரில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தது. ஆனால் அத்தோடு நிற்கவில்லை.

மிஞ்சிய அந்த நோய் ஏ கிருமியாலும் வரவில்லை, பி கிருமியாலும் வரவில்லை என்று 1975-இல் உறுதியானது. காரணம் தெரியாததால் ‘ஏ-யும் அல்லாத, பி-யும் அல்லாத ஹெப்பாடைட்டிஸ்’ என்றே அதை அழைத்தார்கள். 14 ஆண்டுகள் கழித்து, 1989-இல்தான் கிருமி அடையாளம் காணப்பட்டு, சி என்று பெயர் பெற்றது. இந்தக் கண்டுபிடிப்புக்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹாட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கிருமி தெரிந்த பிறகே இரத்தத்தைச் சோதிக்க முடிந்தது. அமெரிக்கா 1990-இல் சோதனையைத் தொடங்கியது. 1992-இல் இன்னும் துல்லியமான சோதனை வந்தது. பிரிட்டன் 1991 செப்டம்பரில் தொடங்கியது. மலேசியாவில் அது 1994. இந்த ஆண்டுக் கணக்குதான் இன்று ‘யார் சோதிக்க வேண்டும்’ என்பதற்கான அளவுகோல்.

வெளிநாடுகளில் நடந்தது

இரத்தத்தை அப்படியே ஏற்றுவதைவிட, அதிலிருந்து தயாரித்த மருந்துகளால் ஆபத்து பன்மடங்கானது. இரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளிகளுக்கு 1970-களில் ‘ஃபேக்டர் 8’ என்ற மருந்து வந்தது. ஒரே தயாரிப்புக்கு ஆயிரக்கணக்கானோரின் இரத்தநீர் ஒன்றாகக் கலக்கப்பட்டது. அவர்களில் ஒருவருக்குக் கிருமி இருந்தாலும் அந்தத் தயாரிப்பு முழுவதும் கெட்டுவிடும். அமெரிக்காவில் சிறைக்கைதிகளிடமும் பணத்துக்காக இரத்தம் கொடுத்தவர்களிடமும் சேகரித்த இரத்தநீர் இந்த மருந்துகளில் இருந்தது.

பிரிட்டனில் இதைப்பற்றி விசாரித்த சர் பிரயன் லாங்ஸ்டாஃப் தலைமையிலான விசாரணைக் குழு, 2024 மே 20-ஆம் தேதி இறுதி அறிக்கையை வெளியிட்டது. 1970-களிலும் 80-களிலும் 90-களின் தொடக்கத்திலும் 30,000-க்கும் மேற்பட்டோருக்கு ஹெப்பாடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. போன்ற தொற்றுகள் ஏற்பட்டன. ஏறத்தாழ 3,000 பேர் இறந்தனர். இவற்றில் பெரும்பகுதியைத் தடுத்திருக்க முடியும் என்றும், உண்மை மறைக்கப்பட்டது என்றும் அறிக்கை கூறியது. அன்றைய பிரதமர் ரிஷி சுனாக் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டு அக்டோபர் வரவுசெலவுத் திட்டத்தில் இழப்பீட்டுக்காக 1,180 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது.

அயர்லாந்தில் பாதிக்கப்பட்டவர்கள் தாய்மார்கள். இரத்தவகை நெகட்டிவ் உள்ள கர்ப்பிணிகளுக்குப் பிரசவத்தையொட்டிப் போடப்படும் ‘ஆன்டி-டி’ ஊசி மருந்தில் கிருமி இருந்தது. 1977 முதல் 1979 வரை அந்த ஊசி போட்டுக்கொண்ட நூற்றுக்கணக்கான பெண்களுக்கு, 1994-இல்தான் விஷயம் தெரியவந்தது. ஏறத்தாழ 17 ஆண்டுகள் அவர்கள் பிள்ளை வளர்த்தார்கள், வேலைக்குப் போனார்கள், எதுவும் நடக்காததுபோல் வாழ்ந்தார்கள். அவர்களில் 376 பேரை ஆராய்ந்தபோது பெரும்பாலோரின் ஈரலில் அழற்சி இருந்தது. ஆனால் சிர்ரோசிஸ் நிலையை எட்டியிருந்தவர்கள் 2 விழுக்காட்டினரே.

இந்தக் கடைசி விவரத்தில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. இந்நோய் மிக மெதுவாக நகர்வது. அறிகுறி இல்லை என்பதால் கிருமி இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதேசமயம், கிருமி இருக்கிறது என்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் பொருளில்லை. பெரும்பாலோருக்குக் காலம் இருக்கிறது. ஆனால் மது, நீரிழிவு, உடல் பருமன், கொழுப்பு ஈரல் ஆகியவை சேர்ந்தால் ஈரல் வேகமாகக் கெடும். நீரிழிவு மிகுந்த நம் சமூகத்தில் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

யார் யார் சோதித்துக்கொள்ள வேண்டும்?

- 1994-க்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் அல்லது மாற்று உறுப்பு பெற்றவர்கள்.
- ஹீமோபிலியா, தலசீமியா போன்றவற்றிற்காக அடிக்கடி இரத்தமோ இரத்தப் பொருளோ பெற்று வந்தவர்கள்.
- டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள். இரத்தச் சோகைக்கான ஊசி மருந்து வருவதற்கு முன்பு இவர்களுக்கு அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது.
- ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்திய இடங்களில் ஊசி போட்டுக்கொண்டவர்கள்.
- எப்போதாவது ஒருமுறையேனும் ஊசிவழிப் போதைப்பொருள் எடுத்தவர்கள்.
- சுத்தம் உறுதியில்லாத இடத்தில் பச்சை குத்திக்கொண்டவர்கள், காது மூக்கு குத்திக்கொண்டவர்கள்.
- கிருமி இருக்கும் தாய்க்குப் பிறந்த பிள்ளைகள். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு சுமார் 5 விழுக்காடு.
- ஈரல் சோதனையில் காரணம் தெரியாமல் அளவு கூடியிருப்பவர்கள்.

பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். தோட்டம் மாறி, வீடு மாறி, லயம் இடிந்து, காகிதங்கள் தொலைந்த குடும்பங்கள் ஏராளம். இரத்தம் ஏற்றியதற்குச் சான்று காட்டச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை. ‘அப்போது ஏற்றியதாக ஞாபகம்’ என்பதே சோதனைக்குப் போதுமான காரணம். அம்மாவுக்கு நினைவில்லை என்றால் பெரியம்மாவையோ அத்தையையோ கேட்டால் தெரிந்துவிடும். குறிப்பாக, சிசேரியன் செய்தவர்களும் பிரசவத்தில் அதிக இரத்தம் இழந்தவர்களும் மயக்கத்தில் இருந்தபோது இரத்தம் ஏற்றப்பட்டதை அறியாமலேயே இருக்கலாம்.

சோதனை எப்படி நடக்கும்?

சோதனை இரண்டு படிகளில் நடக்கும். முதலாவது, உடல் இக்கிருமியை எப்போதாவது சந்தித்திருக்கிறதா என்று பார்ப்பது. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தாலே சில நிமிடங்களில் முடிவு தெரியும் விரைவுச் சோதனைக் கருவிகள் இருக்கின்றன. இந்தச் சோதனை இப்போது அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான்களிலும் செய்யப்படுகிறது.

முதல் சோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தாலும் அது கிருமி இப்போது இருக்கிறது என்பதற்கு உறுதியல்ல. தானாகக் குணமானவர்களுக்கும், சிகிச்சையால் குணமானவர்களுக்கும் அது வாழ்நாள் முழுவதும் பாசிட்டிவ் என்றே காட்டும். கிருமி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை இரண்டாவது சோதனைதான் சொல்லும். இரத்தத்தில் கிருமியின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வைத் தேடும் சோதனை அது. முதல் சோதனையோடு பயந்துபோய் நின்றுவிடுவதும், இரண்டாவது சோதனைக்குத் தேதி கொடுத்தும் போகாமல் விடுவதும் தவறு.

கிருமி இருப்பது உறுதியானால் ஈரல் எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டுள்ளது என்று பார்ப்பார்கள். பி கிருமிக்கும் சோதனை செய்வார்கள். ஏனெனில் சி கிருமிக்கான சிகிச்சையின்போது, அடங்கியிருக்கும் பி கிருமி மீண்டும் தலைதூக்கக்கூடும்.

மாத்திரையும் அது மலிந்த கதையும்

முன்பெல்லாம் இந்நோய்க்கு இண்டர்ஃபெரான் ஊசி கொடுத்தார்கள். வாரந்தோறும் ஊசி, 6 மாதம் முதல் ஓராண்டு வரை காய்ச்சல், சோர்வு, மனச்சோர்வு என்று நோயாளிகள் வாடினார்கள். அத்தனைக்குப் பிறகும் பலருக்குக் குணமாகவில்லை. ‘சிகிச்சை நோயைவிடக் கொடுமை’ என்று அந்தக் காலத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு இன்றும் மருத்துவமனைக்குப் போகத் தயங்குபவர்கள் உண்டு. அந்த நிலைமை மாறிவிட்டது.

2013-இல் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. இதை இன்னொரு மாத்திரையோடு சேர்த்து 12 வாரம், சிலருக்கு 24 வாரம் சாப்பிட்டால் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்குக் கிருமி முற்றாக நீங்குகிறது. பக்க விளைவுகளும் குறைவு. ஆனால் அன்று அமெரிக்காவில் 12 வாரத்திற்கான சோஃபோஸ்புவிர் மாத்திரைகளின் விலை 84,000 டாலர். ஒரு மாத்திரை 1,000 டாலர்.

நடுத்தர வருமான நாடு என்பதால், ஏழை நாடுகளுக்கென மருந்து நிறுவனம் கொடுத்த மலிவு விலை ஏற்பாட்டில் மலேசியா முதலில் சேர்க்கப்படவில்லை. 2017 செப்டம்பரில் மலேசிய அரசாங்கம், 1983 காப்புரிமைச் சட்டத்தில் அரசாங்கத்துக்கு உள்ள உரிமையைப் பயன்படுத்தி, காப்புரிமை உள்ள அந்த மருந்தின் மலிவான வடிவத்தைத் தன் மருத்துவமனைகளுக்குக் கொண்டுவர முடிவு செய்தது. சோஃபோஸ்புவிருக்காக இந்த நடவடிக்கையை எடுத்த முதல் நாடு மலேசியா. அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் டத்தோஸ்ரீ டாக்டர் எஸ். சுப்பிரமணியம். 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் இச்சிகிச்சை இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது.

ரவிடாஸ்விர் என்ற இன்னொரு மாத்திரையும் இங்கே ஆராயப்பட்டது. சுகாதார அமைச்சு, டி.என்.டி.ஐ. என்ற இலாப நோக்கமற்ற மருந்தாய்வு அமைப்பு, எகிப்தின் ஃபார்கோ நிறுவனம், மலேசியாவின் ஃபார்மாநியாகா ஆகியவை இதில் கைகோர்த்தன. மலேசியாவிலும் தாய்லாந்திலும் சுமார் 300 நோயாளிகளிடம் இந்த இரு மாத்திரைகளையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில் 97 விழுக்காட்டினர் குணமடைந்தனர். 2018-இல் இந்த முடிவு வெளியானது. 2021 ஜூனில் மலேசியா ரவிடாஸ்விருக்கு அங்கீகாரம் அளித்தது. முழுச் சிகிச்சையின் மருந்துச் செலவை 300 டாலர் அளவுக்குள் அடக்குவதே திட்டத்தின் இலக்காக இருந்தது.

சிகிச்சையின்போது கவனிக்க வேண்டியவை

வழக்கமாகச் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். இருதயத் துடிப்புக்கான சில மருந்துகள், வலிப்பு மருந்துகள், சில மூலிகைகள் இந்த மாத்திரைகளோடு ஒத்துப்போகாது. நாட்டு மருந்தானாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மஞ்சள் காமாலை என்றாலே கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். ஹெப்பாடைட்டிஸ் சி கிருமியைக் கீழாநெல்லியோ வேறு மூலிகையோ ஒழித்துவிடும் என்று நிரூபிக்கப்படவில்லை. கீழாநெல்லியை நம்பிக் குணப்படுத்தும் மாத்திரையைத் தள்ளிப்போடுவது ஈரலுக்குச் செய்யும் தீங்கு.

சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்து மீண்டும் இரத்தம் சோதிப்பார்கள். அப்போது கிருமி இல்லையென்றால் குணமாகிவிட்டது என்று பொருள். ஆனால் ஏற்கனவே சிர்ரோசிஸ் வந்தவர்கள், கிருமி போன பிறகும் 6 மாதத்திற்கு ஒருமுறை ஈரலை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். புற்றுநோய் ஆபத்து அவர்களுக்குக் குறையுமே தவிர, முற்றாக நீங்காது. ஒருமுறை குணமானவருக்கு மறுபடியும் தொற்றாது என்ற உறுதியும் இல்லை.

வீட்டில் இருப்பவர்கள் பயப்பட வேண்டுமா?

ஒரே தட்டில் சாப்பிடுவதாலும், ஒரே குவளையில் குடிப்பதாலும், கட்டியணைப்பதாலும், பேரப்பிள்ளையை முத்தமிடுவதாலும் இது பரவாது. தாய்ப்பாலாலும் பரவாது. கணவன் மனைவிக்குள் பரவும் வாய்ப்பு மிகவும் குறைவு. இரத்தம் படக்கூடிய சவரக் கத்தி, நகம் வெட்டி, பல் துலக்கி ஆகியவற்றை மட்டும் பகிர்ந்துகொள்ளக் கூடாது. முடிவெட்டும் கடையில் புதிய பிளேடு போடச் சொல்வதும், தைப்பூசத்தில் அலகு குத்தும் வேலும் ஊசியும் இன்னொருவருக்குப் பயன்படுத்தியதாக இல்லாமல் பார்த்துக்கொள்வதும் எல்லாருக்கும் நல்லது.

இன்று இரத்தம் ஏற்றுவது பாதுகாப்பானதா?

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இரத்தம் ஏற்ற மறுப்பதோ, இரத்த தானத்தை நிறுத்துவதோ தவறு. மலேசியாவில் இரத்தம் விலைக்கு வாங்கப்படுவதில்லை. தானம் செய்பவரிடம் முதலில் கேள்விகள் கேட்கப்படும். பிறகு ஒவ்வொரு பையும் எச்.ஐ.வி., ஹெப்பாடைட்டிஸ் பி, ஹெப்பாடைட்டிஸ் சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்காகச் சோதிக்கப்படும். தானம் கொடுப்பவருக்குப் புதிய ஊசியே பயன்படுத்தப்படுவதால் கொடுப்பதாலும் தொற்று வராது. ஆனால் ஹெப்பாடைட்டிஸ் சி வந்தவர்கள், குணமான பிறகும் இரத்தம் கொடுக்கக் கூடாது. கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்வது தானத்தின் ஒரு பகுதி.

வெட்கப்பட இதில் எதுவும் இல்லை

ஈரல் கெட்டுவிட்டது என்றால் ‘குடித்திருப்பான்’ என்பதும், ஹெப்பாடைட்டிஸ் சி என்றால் ‘போதை ஊசி போட்டிருப்பான்’ என்பதும் நம்மிடையே சட்டென்று வரும் பேச்சு. வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாத பாட்டி ஒருவருக்குப் பிரசவ வார்டில் ஏற்றிய இரத்தத்தால் இது வந்திருக்கலாம். அந்தப் பேச்சுக்குப் பயந்தே சோதனைக்குப் போகாதவர்கள் உண்டு. போதைப் பழக்கத்தால் வந்திருந்தாலும் சிகிச்சை பெறும் உரிமை குறைந்துவிடாது. எந்த வழியில் வந்தாலும் கிருமி ஒன்றே, மாத்திரையும் ஒன்றே.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர்களும், ஆவணச் சிக்கல் உள்ளவர்களும் கட்டண விவரத்தைப் பதிவு முகப்பிலேயே கேட்டுத் தெளிவு பெறலாம். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் கிளினிக்குப் போகும் பெற்றோரை அடுத்தமுறை அழைத்துச் செல்லும் பிள்ளைகள், ‘அம்மாவுக்கு 1994-க்கு முன் இரத்தம் ஏற்றியிருக்கிறார்கள், ஹெப்பாடைட்டிஸ் சி சோதனை எடுக்க வேண்டும்’ என்று தாதியிடம் ஒரு வரி சொன்னால் போதும். மலாயில் சொல்வதென்றால் ‘உஜியான் ஹெபாத்தித்திஸ் சி’ என்று கேட்கலாம்.